பாதி குறைத்தால் போதுமா?

தோல் பதனிடும் நம் ஆம்பூரில் உப்பைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது. தோல் ஆலையில் முதல் வேலையாக அதை ஊறவைக்கும்போதே அந்த உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறிவிடுகிறது. கழிவுநீரில் உள்ள கரிம அழுக்கைப் பெருமளவு நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். கரைந்த உப்பை எதுவும் தின்னாது. அது மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு நகர்ந்து, எங்கோ தள்ளியிருக்கும் ஒரு கிணற்றில் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். எந்தக் கிணற்றில், எப்போது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தங்கராஜன் அந்தக் கணக்கைப் போட்டு 1999-இல் வெளியிட்டார். ஆம்பூர் அமைந்த மேல் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக அமைத்து, 20 ஆண்டுகளை முன்னே ஓட்டிப் பார்த்தார். அப்போது இங்கே நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 300 மில்லிகிராம் முதல் 10,000 வரை இருந்தன. கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டு கழித்தும் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது என்பது அவருக்குக் கிடைத்த விடை. 10,000-இல் பாதி 5,000. குடிநீருக்கு விரும்பத்தக்க அளவோ 500. ஆக, பாதி குறைத்தவர் மெச்சிக்கொள்ளலாம். கிணற்றுக்காரர் குடிக்க முடியாது. மாதிரி இல்லாவிட்டால் இந்த உண்மை 20 ஆண்டு கழித்தே நமக்குத் தெரிந்திருக்கும்.

“பாறை இடுக்கில் ஓடும் நீரைக் கணினி எப்படி அறியும்? கணக்கு பொய்க்காதா?” என்று கேட்கலாம். பொய்க்கலாம். எந்த எண்ணை மாற்றினால் விடை எவ்வளவு ஆடுகிறது என்பதையும் அதே ஆய்வு சோதித்தது; அடுத்து எதைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்பதற்கு அதுவே வழிகாட்டி. முழு உறுதி கிடைக்கும்வரை கைகட்டி நிற்கவும் கூடாது. அறிவியல் உறுதி போதவில்லை என்று தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடாதே என, தோல் ஆலை மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. “எங்கள் நாக்குக்குத் தெரியாததையா கணினி சொல்லப்போகிறது?” என்பார் உழவர். அந்த நாக்கும் ஓர் அளவுகோல்தான். எந்தக் கிணறு எந்த ஆண்டு கரித்தது என்ற அவர் நினைவைக் கணக்கில் சேர்க்காத மாதிரி அரைகுறை மாதிரி. “கணக்கைக் காட்டித் தொழிலுக்குப் பூட்டுப் போடுவார்கள்” என்பது தொழிலாளியின் அச்சம். உப்பை முன்னதாகவே உதறி எடுப்பதா, ஊறல் நீரைத் தனியே பிரிப்பதா, முழு நீரையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதா, எந்தச் செலவுக்கு எவ்வளவு பலன் என்று பூட்டுக்கு முன்பே எடைபோடத்தான் மாதிரி வேண்டும். முடிவெடுப்பது நம் பொறுப்பு; அதைக் கணினியின் தலையில் கட்டக்கூடாது.

1999-இல் முன்னே ஓட்டிப் பார்த்த அந்த 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. 2025 ஜனவரி 30-இலும் இதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: இன்றைய கிணற்று நீரை அளந்து, பழைய கணிப்போடு பொருத்திப் பார்த்து, தவறிய இடத்தைத் திருத்தி, அந்த எண்களை ஊராட்சிப் பலகையில் எழுதிவையுங்கள். கணக்கை ஊரே சரிபார்க்கட்டும். அடுத்த 20 ஆண்டுக்கான முடிவை அதன் பிறகு எடுப்போம்.