ட்ராக்கில் திருப்பி அனுப்பப்பட்ட வண்டி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு புகார் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் பையன்கள் பெரம்பலூர் பைபாஸில் பைக்கை விரட்டுகிறார்கள் என்றார்கள். சாவியைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். "வேகமாக ஓட்ட ஆசையென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது, நானே போய்வந்தேன்" என்று சொன்னேன். அப்படியானால் அடுத்த கூட்டத்தில் நீங்களே பேசுங்கள் என்று என்னை மாட்டிவிட்டார்கள்.

பைக் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் வந்தது. சுற்றளவு சுமார் 3.7 கி.மீ. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது சுமார் 2.1 கி.மீ. பந்தயம் இல்லாத சில நாட்களில் இப்படிப்பட்ட இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு நம்மைப் போன்றவர்களையும் ஓட்ட விடுவார்கள். அதற்குப் பெயர் ட்ராக் டே. அங்கே போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

நாற்பத்திரண்டு வயதில் நான் கோவைக்குப் போனேன். லெதர் சூட் வாடகைக்கு எடுத்தேன், புதுக் கையுறை வாங்கினேன். காலையில் வண்டியைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் குனிந்து, முன் பிரேக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பேட் தேஞ்சு போச்சு சார். செயினும் தொங்குது. உள்ளே விட முடியாது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பயம் வந்தது. அந்த வாரம் முழுக்க என் மகளைப் பின்னால் உட்கார வைத்து, அதே வண்டியில்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். எதிரே யாருமே வராத ட்ராக்குக்குத் தகுதியில்லாத வண்டி, சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூர் சாலையில் தினமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடை திறக்கும்வரை காத்திருந்து, பேட் மாற்றி, செயினை இறுக்கி, மதியத்துக்கு மேல்தான் ட்ராக்கில் இறங்கினேன்.

நீங்கள் முதல்முறை போவதாக இருந்தால், ஒரு வாரம் முன்பே வண்டியைப் பாருங்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், செயின், ஆக்சிலேட்டர் கேபிள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். செயின் எவ்வளவு தளர்ந்திருக்கலாம் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். ஆயில் சொட்டும் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஒரு சொட்டு போதும், பின்னால் வருபவர் விழுவார். கண்ணாடிகளைக் கழற்றச் சொல்வார்கள். ஹெட்லைட், இண்டிகேட்டர் மேல் டேப் ஒட்டச் சொல்வார்கள்; விழுந்தாலும் சில்லு சிதறாது. ஓட ஓட டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும். அதனால் அங்கே கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். எவ்வளவு என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

அடுத்தது உடுப்பு. முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், லெதர் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ். ஜீன்ஸ் தாரில் உரசினால் சீக்கிரம் கிழிந்துவிடும். சூட் வாடகைக்குக் கிடைக்கலாம். ஹெல்மெட் உங்கள் தலைக்குச் சரியானதாக, சொந்தமாக இருக்கட்டும்.

முதல் நாளே போய்த் தங்கி, நன்றாகத் தூங்குங்கள். லெதர் சூட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். களைப்பாக இருந்தால் கடைசிச் சுற்றுக்குப் போகாதீர்கள்.

காலையில் கொடிகளைப் பற்றிச் சொல்லித் தருவார்கள், கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் பாதை வழுக்குகிறது.

இன்னொன்று, வீட்டுக்காரர்களுக்கு. பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஏற்படும் சேதத்துக்கு வழக்கமான வண்டி இன்ஷூரன்ஸ் பொருந்தாது. போகுமுன் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பொதுச் சாலையில் பந்தயம் விடுவதோ குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் முதல்முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை குற்றம் செய்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோரே 3 ஆண்டு வரை சிறைக்குப் போக நேரும். 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

தம்பிகளே, ட்ராக்கில் நான் கற்றது வேகத்தை அல்ல. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 28 மீட்டர் போகிறது. அங்கே வளைவுக்கு வளைவு கொடியோடு ஆள் நிற்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது. நம் பைபாஸில் விளக்கில்லாத டிராக்டர் நிற்கிறது, எதிர்ப்பக்கமாக மொபெட் வருகிறது. இருபது நிமிடம் ட்ராக்கில் ஓட்டிவிட்டு வெளியே வந்தபோது, சாலையில் என் கை தானாகவே ஆக்சிலேட்டரைக் குறைத்தது.

உங்களில் யாராவது ட்ராக்குக்குப் போக நினைத்தால் என்னிடம் சொல்லுங்கள், கூடவே வருகிறேன். போகாவிட்டாலும் சரி. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்க அலுவலக வாசலில் டார்ச்சும் காற்றழுத்த மானியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பைக் மட்டுமல்ல, பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஸ்கூட்டர்களையும் கொண்டுவாருங்கள். முதலில் என் வண்டியைத்தான் பார்க்கப் போகிறேன்.