கணினிக்கு மணி தவறினால்

மைசூருவில் டவுன் ஹால் பக்கம் போனால் மணி பார்க்க தொட்ட கடியாரா இருக்கிறது. மைசூரு மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக 1927-இல் எழுந்த மணிக்கூண்டு. வீட்டுக் கணினிக்கோ, மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரிதான் கதி.

பெரும்பாலும் சிஆர் 2032, மூன்று வோல்ட். மின்சாரத்தை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்தால், ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய தேதி வந்து நிற்கும். தேதி தவறினால் பிரவுசர் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையே நம்பாது!

சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசமா? பேட்டரியைத் திட்டாதீர்கள்; நேர மண்டலம் தவறியிருக்கும். உலகப் பொது நேரத்தைவிட இந்திய நேரம் அவ்வளவு முன்னால். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தாலும் இந்தக் குழப்பம் வரும். செட்டிங்ஸில் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இணையம் வழியாகத் தானே நேரத்தைச் சரிசெய்யும் வசதியையும் போட்டுவிடுங்கள். அப்புறமும் அணைத்துப் போட்டால் தேதி பின்னுக்குப் போகிறதா? பேட்டரியை மாற்றிவிடுங்கள்.