வாயைக் கட்டினால் போதுமா?



இன்று காலை வாசலில் கண்டவுடன் நாங்கள் ஒருவருக்கொருவர் என்ன சொன்னோம்? "என்னடி, இப்பிடி உடம்பு வைச்சிட்டாய்!" அன்பில்தான் சொல்கிறோம். கேட்டவள் சிரிக்கிறாள், நாளைக்கே பட்டினி தொடங்குகிறாள்.

அந்த நாளில் இடைவேளை மணி அடிக்க முன்னரே வயிறு கூப்பிடும், நினைவிருக்கிறதா? இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஓமோனுக்கு அதில் பெரும் பங்குண்டு. 1999இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்க உயரும், சாப்பிட்டதும் தணியும். பசியும் நேரத்துக்குப் பழகும்.

லெப்டின் வேறு கதை. 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி பிரீட்மன் குழுவினர் கண்டறிந்தது. கொழுப்பு இழையம் அதைச் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்கு அறிவிக்கிறது. நிறை குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை அதைப் பஞ்சமென்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், சக்திச் செலவைச் சுருக்கும். 2011இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களுக்கு ஒரு வருடம் கழிந்தும் அந்தக் கூடுதல் பசி அடங்கவில்லை. இழந்த நிறை திரும்பினால் அதை மனவுறுதியின்மை என்கிறோம். வைத்தியர்களாகிய நாங்களும் "வாயைக் கட்டுங்கோ" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அது பிழை.

நித்திரையும் முக்கியம். 2004இல் வெளியான சிக்காகோ ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் படுத்தபோது, பத்து மணித்தியாலம் படுத்த நாட்களைவிட லெப்டின் 18 வீதம் குறைந்தது, கிரெலின் 28 வீதம் கூடியது. பன்னிரண்டு இளைஞர்களில் செய்த சிறிய ஆய்வுதான், பெண் ஒருவருமில்லை. இரவு வேலை முடித்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எங்களில் யாரையும் அவர்கள் கேட்கவில்லை!

அதற்காக நிறையை அப்படியே விடலாம் என்றல்ல. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்திரஜன் குறைய, கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். தெற்காசியருக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவு வருகிறது. பட்டினி கிடக்காமல், சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, மீன், கீரையைக் கூட்டுங்கள். இரவு நேரத்தோடு படுங்கள். நூறு கிலோ உள்ளவர் ஐந்து கிலோ குறைத்தாலே குருதிச் சீனியில் பலன் தெரியும்.

எங்கள் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேலானால் குருதிச் சீனியைச் சோதிப்பது நல்லது. மண்டபத்தின் பின்புறத்தில் அளவுநாடா வைத்திருக்கிறோம். வெட்கப்படாமல் வாருங்கள், எங்களுடையதைத்தான் முதலில் அளந்தோம்.