உறக்கத்துக்காகக் குடிக்கிறோமா?
(ஜூபிலி ஆண்டில் பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் குடியைப் பற்றி ஒரு நாள் பேச வேண்டும் என்று நம் தாய்மார்கள் கேட்டுக்கொண்டார்கள். குடியினால் பணம் அழியும், ஈரல் கெடும், வீட்டில் சமாதானம் போகும் என்பதையெல்லாம் இங்கே அமர்ந்திருக்கும் ஆண்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆகவே அவற்றை விட்டுவிடுவோம். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "சாமி, வெறிக்காகக் குடிக்கலை. உடம்பு வலிக்குது, தூக்கம் வரணும்னுதான் குடிக்கிறேன்." அந்த ஒரு காரணத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

இது பொய்க் காரணமன்று. இரவு 2 மணிக்கு எழுந்து வள்ளத்தைத் தள்ளுகிறவர் முந்திய மாலை 7 மணிக்கே உறங்கியாக வேண்டும். ஊர் முழுவதும் விழித்திருக்கிற நேரத்தில், பிள்ளைகள் சத்தமிடும் வீட்டில், தோள்பட்டை வலியோடு உறங்குவது எளிதா? ஒரு கிளாஸ் உள்ளே போனதும் கண் சொக்குகிறது. இதை நாம் மறுத்தால் நீங்கள் நம்மை நம்பமாட்டீர்கள். ஆனால் கண் சொக்கிய பிறகு நடப்பது என்ன?

மது இரத்தத்தில் நிறைந்திருக்கும் முன்னிரவில் கட்டைபோல் கிடக்கிறோம். கனவு காணும் உறக்கம் என்று ஒன்று உண்டு. மனத்துக்கு இன்றியமையாத அந்த உறக்கத்தை மது குறைத்துவிடுகிறது. ஈரல் அந்த மதுவைச் சிறிது சிறிதாகக் கரைத்து முடிக்கும்போது, அதுவரை அமுக்கி வைக்கப்பட்டிருந்த விழிப்பு துள்ளி எழுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, நாக்கு உலர்கிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பையும் மது தடுப்பதால் எழுந்து எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடுவதால் குறட்டை வேறு. சிலருக்குக் குறட்டைக்கு நடுவே மூச்சே நின்று நின்று வரும். இதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்கள்தாம். அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இப்போது நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, தவக்காலத்தில் குடியை விடுவதாக வாக்குக் கொடுத்த ஒருவர் நான்காம் நாள் நள்ளிரவில் பங்களாக் கதவைத் தட்டினார். "சாமி, மூணு ராத்திரியா கண்ணை மூடலை. தூக்கத்துக்கு மட்டும் ஒரு கிளாஸ் போட்டுக்கவா?" நாம் அரைத் தூக்கத்தில் இருந்தோம். "ஜெபமாலை சொல்லிக்கொண்டு படும், தூக்கம் வரும்" என்று அனுப்பிவிட்டோம். விடிவதற்குள் அவர் குடித்துவிட்டார். அதன்பின் ஓராண்டு காலம் நம் முகத்தில் விழிக்கவில்லை.

அவர் கேட்டது ஜெபத்தைப் பற்றியன்று. தமக்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். அது நமக்கும் தெரியவில்லை. பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். நாள்தோறும் மதுவினால் அமுக்கப்பட்டுப் பழகிய மூளை, மது நின்றதும் அளவுக்கு மீறி விழித்துக்கொள்ளும். முதல் வாரம் மிகக் கடினம். உறக்கம் சீராகப் பலருக்குச் சில வாரங்களும், சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். குடியை விட்டவர் "குடித்தபோதாவது தூங்கினேன்" என்று நினைப்பது இந்த நாட்களில்தான். இதனாலேயே எத்தனையோ பேர் திரும்பப் போய் விழுகிறார்கள். உறக்கம் வராதது குடி வேண்டும் என்பதற்கு அடையாளமன்று. குடி செய்த சேதம் ஆறுகிறது என்பதற்கு அடையாளம். இதை மட்டும் அன்றிரவு நாம் சொல்லியிருந்தால்!

இன்னொன்றையும் வீட்டார் கவனிக்க வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று தாமாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாத உருவங்களைக் கண்டு அலறலாம். இப்படி ஒருவர் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியபோது, பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க நம்மை அழைத்தார்கள். போனோம், நெற்றியில் சிலுவை வரைந்தோம், உடனே காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார்கள். ஆகவே அப்படிப்பட்டவர்கள் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். தூக்கம் வரவில்லையென்று கடையில் மாத்திரை வாங்கி மதுவோடு சேர்த்து விழுங்குவது அதைவிடக் கொடியது; மூச்சே நின்றுவிடலாம்.

மற்றவர்கள் குறையை மட்டும் பேசுவது முறையன்று. நமக்கும் உறக்கம் வராத காலம் ஒன்றிருந்தது. மாலையில் வீடு சந்திக்கப் போவோம். வீட்டுக்கு வீடு காபி. இரவு 9 மணிக்குள் ஐந்து டம்ளர் ஆகிவிடும். பிறகு 2 மணி வரை மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு, பங்கின் பாரம் நம்மை உறங்கவிடவில்லை என்று பெருமையோடு நினைத்துக்கொண்டிருந்தோம். பாரமன்று, காபி! மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் சத்தில் ஏறத்தாழப் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்குமாம். பிற்பகல் 2 மணிக்குப் பின் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், "எங்க வீட்டுக் காபி மட்டும் சாமிக்கு ஆகாதோ?" என்ற வருத்தம். இப்போது எல்லா வீட்டிலும் சுக்குத் தண்ணீர் வருகிறது. அதையும் ஐந்து டம்ளர் குடிக்கிறோம்.

பீடியும் அப்படித்தான். அது களைப்பை ஆற்றுவதுபோல் தோன்றும். உண்மையில் விழிக்க வைக்கும் பொருள். செல்போனைப் பற்றி இளைஞர்களிடம் தனியாகப் பேசுவோம்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் மேட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி இருந்தார். சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். 1884-இல், தம் 28-ஆம் வயதில், குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். முதலில் எவ்வளவு காலத்துக்கு? மூன்றே மாதங்களுக்கு! 1925-இல் இறக்கும்வரை 41 ஆண்டுகள் தொடவேயில்லை. 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. அவர் தவத்துக்காகப் பலகையில், மரக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். அதை நாம் உங்களுக்குச் சொல்லவில்லை. பாய் இருந்தால் பாயிலேயே படுங்கள். அந்த மூன்று மாதக் கணக்கைத்தான் சொல்கிறோம். வாழ்நாள் முழுவதும் என்று மலைக்காமல், இன்று இரவு மட்டும் என்று ஆரம்பிக்கலாம்.

நம் கதவைத் தட்டியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஓராண்டு கழித்து மனைவியோடு வந்தார். இம்முறை மருத்துவமனைக்கு நாமும் கூடப் போனோம். திரும்பி வந்தபின், உறங்காத இரவுகளில் அவர் மனைவியும் எழுந்து உட்கார்ந்து வலைக்கண் முடிந்தாராம். ஆறாவது வாரம் பூசைக்குப் பின் சிரித்துக்கொண்டே நம்மிடம் வந்தார்.

"சாமி, எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் நேத்து கனவு வந்துச்சு."

"என்ன கனவு?"

"வலை கிழியிற அளவுக்குச் சீலா மீன், சாமி. கரைக்குக் கொண்டாந்தா, விலை கேட்க ஒரு ஆளு இல்லை!"