பிறப்பில் தளர்ந்த கையும் முதுமையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலுக்காக இருவர் சேர்ந்து எழுதி, ஒருவர் வாசித்த உரை)



நாங்கள் இருவர். ஒருவர் வெருகல், மற்றவர் ஈச்சிலம்பற்று. விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்தவர்கள். இருவருக்கும் பிறந்த நாளிலிருந்தே வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. "கை ஏலாத பிள்ளைகள்" என்றால் எங்களைத்தான் சொல்வார்கள். உங்களிற் சிலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பாடசாலை நினைவுகளை மற்றவர்கள் நன்றாகவே சொல்வார்கள். ஆகவே நாங்கள் எங்கள் கையைப் பற்றியே பேசுகிறோம்.

கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிணைந்து, தோளைக் கடந்து கைக்குள் இறங்குகின்றன. பிள்ளை பிறக்கையில் தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கினால், அந்தப் பின்னல் இழுபடும். சிலவேளை அறுந்தும் போகும். ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி நடக்கிறது. பலருக்குச் சில மாதங்களில் தேறிவிடும். தேறாதவர்கள் எங்களைப் போல் வளர்கிறார்கள்: கை சற்றுக் கட்டை, முழங்கை முழுதாக நீளாது, தோள் வெளிப்புறம் திரும்பாது.

இந்த விளக்கம் எங்கள் அம்மாமாருக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் வீட்டில், ஊர் மருத்துவிச்சியின் கையில் பிறந்தவர்கள். பாலங்கள் இல்லாத காலம். வெருகலிலிருந்து திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில் பல துறைகளில் பாதை ஏற வேண்டும். ஆகவே காரணத்தை ஊரே சொன்னது. ஒருவரின் அம்மா கிரகணத்தன்று அரிவாள் தொட்டாராம். மற்றவரின் அம்மா நேர்த்திக்கடனைத் தவறவிட்டாராம். இருவரும் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது அவர்களின் குற்றமல்ல, மருத்துவிச்சியின் குற்றமும் அல்ல என்று இந்த மேடையில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்பதும் நாங்கள் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம்.

பெரிய அரண்மனையிலும் இது நடந்திருக்கிறது. ஜேர்மனியின் கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் 1859 ஜனவரியில் பிறந்தபோது கால்பக்கமாக வந்த பிள்ளை. இடது கை கடைசிவரை வழங்கவில்லை. விக்டோரியா மகாராணியின் மூத்த பேரன், வைத்தியத்துக்குக் குறைவில்லை. மின்சாரம் பாய்ச்சினார்கள், அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் கையை வைத்தார்கள், நல்ல கையைக் கட்டிவைத்தும் பார்த்தார்கள். பிற்காலப் படங்களில் அவர் அந்தக் கையில் கையுறை பிடித்திருப்பார், அல்லது வாளின் பிடியில் வைத்திருப்பார். நாங்கள் சாறித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வகுப்புப் படத்தைப் பாருங்கள், அதே வித்தைதான்.

அதே 1859இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் பிறந்தார்: ஒகுஸ்தா குளும்ப்கே. மருத்துவம் படிக்கப் பாரிஸுக்கு வந்தவர், மாணவியாக இருக்கும்போதே 1885இல் இந்த நரம்புப் பின்னலின் கீழ்ப்பகுதி பாதிக்கப்பட்டால் விரல்களுக்கும் கண்ணுக்கும் என்ன ஆகும் என்பதை விளக்கி எழுதினார். மேல்பகுதிப் பாதிப்புக்கு ஏர்ப் என்ற ஜேர்மன் வைத்தியரின் பெயர். கீழ்ப்பகுதிக்கு இந்தப் பெண்ணின் பெயர். பாரிஸ் வைத்தியசாலைகளில் உள்ளகப் பயிற்சிக்குப் பெண்களை எடுக்காத காலத்தில் போராடி உள்ளே போன முதற் பெண்களில் அவர் ஒருவர். சகோதரிகளில் ஒருவர் வானியலாளர், ஒருவர் ஓவியர். பெண்கள் பாடசாலை மேடையில் இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆசை.

வலது கை ஏலாதவளுக்கு எங்கள் சமூகத்தில் வரும் கஷ்டம் வைத்தியப் புத்தகத்தில் இல்லை. சோறு எந்தக் கையால் சாப்பிடுவது? வலது கை வாய்க்குப் போக வேண்டுமென்றால் முழங்கை பக்கவாட்டில் உயர வேண்டும், பக்கத்தில் இருப்பவரை இடிக்கும். இடது கையால் சாப்பிட்டால் பந்தியில் எல்லோரும் பார்ப்பார்கள். சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவில் சனம் முழுக்கத் தலைக்கு மேல் கைகூப்பி அரோகரா சொல்லும்போது நாங்கள் நெஞ்சோடு நிற்போம். திருநீற்றை இடது கையால் வாங்கப் பயந்து, அதன் கீழ் வலது கையை முட்டுக்கொடுத்து ஏந்தப் பழகினோம். விடுதியில் பின்னல் பின்ன ஒருவர் மயிரைப் பிரித்துப் பிடிப்பார், மற்றவர் பின்னுவார். தேங்காய் துருவ ஒருவர் திருவலையில் இருப்பார், மற்றவர் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். இரண்டு இடது கைகளால் ஒரு காரியம் நடந்தது.

இளமையில் சமாளித்தது முதுமையில் வேறு கணக்காகிறது. எங்களுக்கு இப்போது நோவது ஏலாத கையல்ல, நல்ல கைதான். எழுபது வருடம் இரண்டு கையின் வேலையையும் செய்த இடது தோள் தேய்ந்துவிட்டது. இரவில் விரல்கள் விறைக்கின்றன; மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாம். கழுத்தும் முதுகும் ஒரு பக்கம் இழுக்கின்றன. ஊன்றுகோல் பிடித்தால் பை தூக்கக் கையில்லை. விழுந்தால் ஊன்றவும் ஒரு கைதான்.

எங்களில் ஒருவருக்குச் சில வருடங்களுக்கு முன் ஒரு வைத்தியசாலையில் நடந்ததைச் சொல்கிறோம். காய்ச்சலில் மயங்கிக் கொண்டுபோனார்கள். வலது கை தளர்ந்திருப்பதைக் கண்டு பாரிசவாதம் என்று நினைத்தார்கள். பேச முடியாத நிலை; கூடப் போன பேரப்பிள்ளைக்கும் கையின் கதை தெரியாது. சேலைன் ஊசியை நல்ல கையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். விழித்தபோது தண்ணீர்க் கோப்பையைத் தூக்க ஒரு கையும் இல்லை. இதன் மறுபக்கம் இன்னும் பயம்: உண்மையிலேயே பாரிசவாதம் வந்தால், "அது பழைய கை" என்று வீட்டார் விட்டுவிடலாம்.

ஆகவே இருவரும் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: வலது கை பிறப்பிலிருந்து ஏலாது, இவ்வளவு தூரம் தூக்கும், விரல் மடங்கும், இதைவிடக் குறைந்தால் புது வருத்தம், தூக்கும்போது அந்தக் கையிலோ கக்கத்திலோ பிடித்து இழுக்க வேண்டாம், ஊசி எந்தக் கையில் என்று கேட்டுச் செய்யவும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினோம். இயன்மருத்துவர் சொல்லித் தந்தபடி காலையில் வெந்நீர் ஒத்தடமும் மெதுவான அசைவும். பிளவுஸுக்கு முன்பக்கப் பொத்தான், கிணற்றடியில் பெரிய வாளிக்குப் பதில் சின்னது. வெட்கப்பட எங்களுக்கு இனி வயதில்லை.

இங்கிருக்கும் இளையவர்களுக்கு இரண்டு விஷயம். கர்ப்பத்தில் நீரிழிவு இருந்தாலோ, முந்திய பிள்ளையின் தோள் சிக்கியிருந்தாலோ, குடும்பநல மாதுவிடம் முதலிலேயே சொல்லுங்கள். பிறந்த பிள்ளையின் ஒரு கை அசையாவிட்டால் "தானாய்ச் சரிவரும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்காவிட்டால் நரம்புச் சத்திரசிகிச்சை பற்றி நிபுணரிடம் கேட்க வேண்டும். அதற்குக் காலம் உண்டு. தசை பட்டினி கிடந்தபின் நரம்பை இணைத்துப் பயன் குறைவு. நாங்கள் பிறந்த காலத்தில் எங்களுக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் பழைய மாணவிகளில் எங்களைப் போன்ற கையுள்ளவர் யாராவது இருந்தால், சங்கத்தின் மூலம் எங்களுக்கு எழுதுங்கள். முக்கியமாக, இடது கைத் தோளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.