படுக்கையில் கிடப்போரும் நம் ஊராரே

(தென்காசி வட்டாரத்து ஊராட்சிப் பொறுப்பினரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் குற்றாலத்தில் கூடியிருந்தபோது வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

வட்டாரக் கூட்டம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றியே பேசுவது நமது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட பின், வீட்டின் உள்ளறையிலோ தாழ்வாரத்திலோ படுத்த படுக்கையாய் நாட்களைக் கழிப்போரைப் பற்றியது அது. அவர்கள் கிராம சபைக்கு வருவதில்லை, மனுக் கொடுப்பதில்லை, ஆதலால் நமது கோப்புகளில் அவர்கள் பெயர் ஏறுவதும் இல்லை. ஊரில் எத்தனை கைப்பம்பு பழுதாகிக் கிடக்கிறது என்று கேட்டால் உடனே விடை சொல்லுகிறோம். எத்தனை பேர் எழ முடியாமல் கிடக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.

"சாவைப் பற்றிப் பேசுவதற்கா எங்களைக் கூட்டினீர்கள்?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தென்காசி வட்டாரத்தார்க்கு அது பொருந்தாது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் இங்கே விசுவநாதர் கோயிலை எழுப்பியதற்கு நம் பெரியோர் வழிவழியாகச் சொல்லும் காரணம் யாவரும் அறிந்ததே. காசியில் உயிர்விட வேண்டும் என்று புறப்பட்ட தென்னாட்டார் பலர் வழியிலேயே மாண்டனர் என்றும், அவர்கள் பொருட்டு மன்னன் காசியையே இங்குக் கொண்டுவந்தான் என்றும் கூறுவர். வரலாற்று ஆசிரியர்கள் இதனை எவ்வளவு தூரம் ஒப்புவர் என்பது வேறு செய்தி. கடைசி நாட்களில் எவரும் நெடுந்தூரம் அலையலாகாது என்னும் எண்ணம் அக்கதையில் இருக்கிறதன்றோ? அதையே நாம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்.

இன்று நடப்பது அதற்கு நேர்மாறு. நோய் கண்டவுடன் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் செல்வது முற்றிலும் தக்கதே. குணமாகக்கூடிய நோய்க்குத் தாமதம் கூடாது. ஆனால் குணப்படுத்த இயலாது என்று தெரிந்த பின்னரும் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வயல் அடமானத்துக்குப் போகிறது, நகை போகிறது. குற்றாலத்து மூலிகையென்று எதையோ புட்டியில் அடைத்து, புற்றுநோயை வேரோடு அறுக்கும் என்று விற்பவனிடமும் கொஞ்சம் போகிறது. கடைசியில் ஒருநாள், "வீட்டுக்குக் கொண்டு போங்கள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கடைசிச் சொல் உண்மையன்று என்பதே நாங்கள் இன்று உங்களிடம் சொல்ல வந்தது.

ஓர் அனுபவத்தைக் கூறுகிறோம். வீடு கட்டும் திட்டத்தில் ஒரு கட்டடத்தைப் பார்வையிடச் சென்றபோது, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நல்ல மழை. திண்ணை முழுதும் சாரல் அடிக்கிறது. அவரோ உள்ளே போகவில்லை. காரணம் கேட்டோம். உள்ளே அவருடைய தாயார் படுத்திருந்தார். ஐம்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். புகையிலை அடக்கும் பழக்கமும் உண்டு. வாயில் புற்று கண்டு, கன்னம் உடைந்து புண்ணாகியிருந்தது. அதன் நாற்றம் தாங்காமல்தான் பெற்ற மகளே மழையில் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்திப் பல நாட்கள் ஆகியிருந்தன. இரவெல்லாம் வலியால் முனகல்.

வட்டாரத்து நோய் ஆதரவுச் செவிலியருக்குச் சொல்லி அனுப்பினோம். மருத்துவர் பார்த்து, வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினார். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து அதன்மேல் தூவச் சொல்லிக் கொடுத்தார் செவிலியர். விலை மலிந்த மாத்திரைதான். சில நாட்களில் நாற்றம் வெகுவாகக் குறைந்தது. புண் ஆறவில்லை, ஆறப் போவதும் இல்லை. ஆனால் மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அடுத்த வீட்டாரும் வரத் தொடங்கினர். மறுமுறை நாங்கள் சென்றபோது, அந்த மூதாட்டி மகள் கட்டிய கட்டுகளை வாங்கி, கட்டுக்கு 25 சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தார். அதன்பின் ஏழு வாரம் இருந்தார். உறங்கினார், பேசினார், காப்பி வேண்டுமென்று கேட்டார். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட வீட்டில் நடந்தது இது.

இவ்வகை மருத்துவத்தை நோய் ஆதரவுச் சிகிச்சை என்கிறோம். நோயை அறுத்தெறிவது இதன் வேலையன்று. நோயாளியின் துன்பத்தைத் தணிப்பது. இங்கிலாந்தில் செவிலியாகவும், மருத்துவமனைச் சமூக ஊழியராகவும் இருந்து, பின்னர் மருத்துவப் படிப்பும் முடித்த சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967-இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லம் இதற்கு உலகெங்கும் வழிகாட்டியது. வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. மனக்கவலை, குடும்பக்கவலை, கடவுளைப் பற்றிய கலக்கம் எல்லாம் சேர்ந்ததே வலி என்றார் அவர். நம் நாட்டில் பம்பாயில் 1986-இல் சாந்தி அவேதனா ஆசிரமம் தோன்றியது. ஆயினும் எல்லா ஊரிலும் இல்லம் கட்டுவது நடக்கக்கூடியதன்று. நம்மவர் விரும்புவதும் தம் வீட்டுக் கூரையின் கீழே கண்மூடுவதைத்தான்.

அதற்கு வழி காட்டியவர்கள் மலைக்கு அப்பால் இருக்கிறார்கள். புளியரையைத் தாண்டி மலையேறி இறங்கினால் கொல்லம் மாவட்டம். அந்தக் கேரள நாட்டில், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் சில மருத்துவர்கள் கூடி வலி தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவர் மட்டும் போதாது என்று விரைவில் கண்டுகொண்டனர். மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஊரார் தாமே முன்வந்தனர். கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர், ஓட்டுநர் எனப் பலரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் சென்றனர். பணமும் பெரும்பாலும் ஊரிலேயே சிறுசிறு தொகையாகத் திரட்டப்பட்டது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனவே ஒரு கொள்கையை வகுத்தது. ஊராட்சி நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி, வீடு வீடாக அனுப்பும் முறை அங்கே வேரூன்றியது. ஊராட்சி நிதி என்ற சொல்லைப் பொறுப்பினர் கவனிக்க வேண்டுகிறோம்.

நம் மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கொடுக்கும் திட்டமென்றே பலர் நினைக்கின்றனர். நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதன் பகுதிகளே. வட்டாரந்தோறும் இவற்றுக்கெனச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வாகனத்தில் செல்ல வழி செய்யப்பட்டது. வீடுதோறும் செல்லும் தன்னார்வலர் நம் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்களே. ஆனால், ஒரு வட்டாரம் முழுமைக்கும் ஒரு செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க முடியும்? அவர் வருவது ஒருநாள். மற்ற நாட்கள் நம்முடையவை.

மார்ஃபின் என்றதும் பலர் அஞ்சுகின்றனர். அது போதைப் பொருளன்றோ, உயிரைக் குடித்துவிடாதோ என்கின்றனர். மருத்துவர் அளந்து கொடுக்கும் அளவில் வலிக்கு உண்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதும் இல்லை. வலி வந்தபின் தேடுவதற்காக உள்ளதன்று அம்மாத்திரை. நான்கு மணிக்கொரு தரம் என்றால், வலி தலைதூக்கும் முன்பே அந்த மணிக்குக் கொடுத்துவிட வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் உண்டாகும். அதற்கும் மருந்து சேர்த்தே வாங்க வேண்டும். அபின் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து இது. அச்செடி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமத்தின்கீழ் பயிராகிறது. வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி செய்யும் நம் நாட்டில் நம் நோயாளிகள் வலியில் துடித்தனர். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளே அதற்கு முக்கிய காரணம். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதில் இருப்பு வைக்க இடம் ஏற்பட்டது. ஆகையால் மருந்து இல்லை என்று ஓரிடத்தில் சொன்னால் அத்துடன் திரும்பிவிடாதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

வீட்டிலிருப்போர் செய்ய வேண்டியவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கே கூறுவோம். மற்றவற்றைச் செவிலியரே செய்து காட்டுவார். படுக்கைப் புண் விதியால் வருவதன்று. இரண்டு மணிக்கொரு தரம் ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்காததால் வருவது. இடுப்பின் அடிப்பகுதியையும் குதிகாலையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். தோல் சிவந்தால் அதுவே எச்சரிக்கை. மூச்சுத் திணறுவோரைத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்து, முகத்தில் காற்றுப் படும்படி விசிற வேண்டும். அவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று காற்றை மறைக்கலாகாது.

உணவு இறங்காதபோது, "குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்துகிறோம். உயிர் பிரியும் தறுவாயில் உடம்பு உணவை வேண்டுவதில்லை. உண்ணாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் உண்ணவில்லை. அந்த நேரத்தில் ஏற்றும் நீர் வீக்கத்தையும் நெஞ்சில் கோழையையும் கூட்டவும் கூடும். பால் ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. நிலத்தின்மேல் ஆசை வைத்தவர்க்கு அந்நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அன்பினால் செய்வதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் விழுங்கும் ஆற்றல் போன தொண்டையில் ஊற்றும் பால் மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். தூய துணியைப் பாலில் நனைத்து உதட்டில் தடவுங்கள். சடங்கும் நிறைவேறும், துன்பமும் இராது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு வடக்கேயுள்ள விருதுநகர் மாவட்டத்தில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உயிரைப் போக்கும் வழக்கம் இருந்ததாக 2010-இல் செய்திகள் வெளிவந்தன. சட்டத்தின் முன் அது கொலையே; ஐயமில்லை. அவ்வாறு செய்தவர்களைக் கொடியவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில், மாதக்கணக்கில் படுக்கையருகே யார் இருப்பது? பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் மகளின் கூலி இழப்பை எந்தக் காப்பீட்டு அட்டையும் ஈடு செய்வதில்லை. துணையில்லாத வீட்டில்தான் இத்தகைய எண்ணம் முளைக்கிறது. நோய் ஆதரவுச் சிகிச்சை சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, தள்ளிப்போடுவதும் இல்லை.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா என்று கேட்பார்கள். "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று மகன் வாசலிலேயே நம்மைத் தடுப்பான். உள்ளே அப்பா, "பையனிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டான்" என்பார். இருவருக்கும் தெரியும். அதற்குள் பட்டா மாற்றமும், கடன் கணக்கும், வளைகுடா நாட்டில் இருக்கும் மற்றொரு மகனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பேசப்படாமலே போய்விடுகின்றன. வலிய உரைக்க வேண்டாம். அவர் கேட்டால் மழுப்பவும் வேண்டாம்.

இனிக் காரியத்துக்கு வருவோம். ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் படுக்கையில் கிடப்போரின் பட்டியலை அடுத்த திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். குற்றாலம், மேலகரம், இலஞ்சி முதலியவை பேரூராட்சிகள்; ஊராட்சி ஒன்றியத்தில் சேர்ந்தவையல்ல. இருப்பினும் அங்குள்ளோர் பெயரையும் கொடுங்கள். நோயாளியின் வாசலில் நின்று எல்லை பேசுவது அழகன்று. தெருவுக்கு இருவர் பயிற்சிக்கு வர வேண்டும்; அவர்களுள் ஒருவராவது ஆடவராக இருக்கட்டும். இந்த வேலை முழுவதையும் பெண்கள் தலையிலேயே கட்டுவதை நாங்கள் ஒப்பவில்லை. காற்று மெத்தைகள் சில வாங்கி ஒன்றிய அலுவலகத்தில் வைத்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று எண்ணுகிறோம். ஊராட்சிகள் அதற்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும்.

இன்னும் ஒன்று. ஆனி, ஆடியில் இங்கே துணி உலர்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். படுக்கையில் கிடப்பவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து துணியாவது வேண்டும். பழைய நூல் சேலையும் வேட்டியும் வீட்டில் இருந்தால் நன்றாகத் துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுங்கள். நைலான் வேண்டாம். சாரல் தொடங்குமுன் அவை அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.