ஓட்டத்தின் இடையே ஓய்வு

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ஓடு" என்று சொல்லப் பலர் உண்டு. "நில், மூச்சு வாங்கு" என்று சொல்லத்தான் ஆளில்லை. மகர்பட்டாவில் வாழும் நம் பிள்ளைகள் மாலைதோறும் மட்டையும் பந்துமாய்த் திடலுக்குச் செல்கின்றனர். அவர்கள் பொருட்டு அந்த இரண்டாவது சொல்லுக்காகச் சிறிது வாதாட விழைகின்றேன். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வரை பயின்ற ரயில்வே எழுத்தன். அறிஞர் ஆய்ந்துரைத்தவற்றைக் கற்று எளிய முறையில் எடுத்துரைப்பதே என் பணி.

புனேயில் வாழும் தமிழருக்கு ஹாக்கி அயலார் ஆட்டமன்று. இதே நகரின் கட்கியில் 1968-ஆம் ஆண்டு தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. உடைந்த மட்டையைக் கட்டி ஆடிப் பழகிய அவர், 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. அவர் ஆட்டத்தின் அழகு மின்னலெனப் பாயும் ஓட்டம். அத்தகைய பாய்ச்சல் சில விநாடிகளே நீடிக்கும். பிறகு நடை, மெல்லோட்டம், நிற்றல், மீண்டும் பாய்ச்சல். இதுவே ஹாக்கியின் இயல்பு.

இதன் காரணம் யாது? தசையினுள் கிரியேட்டின் பாஸ்பேட் என்றொரு பொருள் சேமிப்பாக உள்ளது. முழு வேகத்தில் ஓடும் முதற்சில விநாடிகளில் பெரிதும் செலவாவது அதுவே. கையிருப்புக் கரைந்தபின் வேகம் குறைகின்றது. நின்றபின்னும் நாம் மேல்மூச்சு வாங்குவது வீணன்று. உள்ளே செல்லும் பிராணவாயுவின் துணையால்தான் அச்சேமிப்பு மீண்டும் நிரம்புகின்றது. ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்திற்குள் பாதியளவு திரும்பும்; முழுவதும் நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும். அதற்குள் மீண்டும் பாய்பவன், பாதி நிரம்பிய குடத்தைச் சுமந்து செல்பவன் ஆவான். நெடுநேர மெல்லோட்டத்தில் பழகியவன் விரைவில் மீள்வதும் பிராணவாயுவை நன்கு பயன்படுத்தும் ஆற்றலால்தான்.

பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹாக்கியில் இவ்வுண்மை கண்கூடு. நம் நாட்டில் லடாக்கில் உறைந்த நீர்நிலைகளின்மேல் அது ஆடப்படுகின்றது. அமெரிக்க, கனடியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஏறத்தாழ 45 விநாடி சுழன்றாடிவிட்டு ஓரத்துப் பலகையில் வந்தமர்வர். மற்றோர் அணி களமிறங்கும். அமர்ந்தவனை எவரும் சோம்பேறி என்று ஏசுவதில்லை. நம் திடல் ஹாக்கியிலும் ஆட்டக்காரரை எத்தனை முறையும் மாற்றலாம். முன்னர் 35 நிமிடப் பகுதிகள் இரண்டாக இருந்த ஆட்டம், 2014 முதல் உயர்நிலைப் பன்னாட்டுப் போட்டிகளில் 15 நிமிடப் பகுதிகள் நான்காக வகுக்கப்பட்டது.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். என் மகனுக்கு வயது பதினைந்து. பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களைப் பத்து முறை இடைவிடாது விரைந்தோடச் செய்தார். ஏழாம் ஓட்டத்தில் முழங்காலைப் பற்றிக் குனிந்து நின்ற என் மகனை, "உனக்கு மூச்சுப் போதாது; வேறு ஆட்டம் பார்" என்று அனுப்பிவிட்டார். பையன் மட்டையைக் கட்டிலின்கீழ் எறிந்தான். பல நாள் தொடவில்லை. பத்து வயதில் களைப்பறியாது ஓடியவனுக்கு இப்போது என்ன குறை என்று நானும் மனைவியும் கவலையுற்றோம்.

குறை ஒன்றுமில்லை. சிறு பிள்ளைகள் குறுகிய ஓட்டங்களிலிருந்து பெரியோரினும் விரைவில் மீள்வர். பருவமெய்தித் தசை வளர வளர, ஓட்டத்தின் விசை பெருகுகின்றது. மீள்வதற்கான நேரமும் பெருகுகின்றது. முன்னினும் வலிமை கூடியதாலேயே அவனுக்கு முன்னினும் ஓய்வு வேண்டியுள்ளது. இதனை அறியாது எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று திடலினின்று விரட்டியிருப்போம்!

ரயில் ஓட்டுநர் பணி முடித்தபின் தங்கி இளைப்பாற ரயில்வே தனி ஓய்வறைகள் அமைத்துள்ளது. அவர் உறங்கும் நேரமும் வண்டியின் பாதுகாப்பைச் சார்ந்ததே. அவ்வறிவைத் திடலுக்கும் கொண்டு செல்வோம்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, வேகத்தை வளர்க்கும் பயிற்சியில் ஆறு விநாடி ஓட்டத்திற்கு ஒரு நிமிடமேனும் இடைவெளி தருக. களைப்பிலும் ஆடப் பழக்கும் நாளில் இடைவெளியைக் குறைக்கலாம். எது எந்நாள் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லுக. இரண்டாவது, கோடையில் நிழலும் குடிநீரும் இன்றிப் பயிற்சி வேண்டா. தலைசுற்றல், வாந்தி, மனக்குழப்பம் கண்டால் ஆட்டத்தை நிறுத்தி உடலைக் குளிர்விக்க வேண்டும். உடனே மருத்துவ உதவியும் நாட வேண்டும். மூன்றாவது, வேலிக்கு வெளியே நின்று "ஏன் நிற்கிறாய்?" என்று கூவும் வழக்கத்தைத் தந்தையர் கைவிடுக.

என் மகன் இப்போது ஓட்டத்திற்கு ஓட்டம் ஒரு நிமிடம் நின்று ஓடுகின்றான். பத்தாவது ஓட்டமும் முதல் ஓட்டத்தின் வேகத்தை ஏறக்குறைய எட்டுகின்றது. அவனுக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிடம் நம் பிள்ளைகள் அனைவர்க்கும் கிடைக்குமாறு செய்க.